மணிக்காரரும் ஒரு வெற்றிலை நேரமும்

திண்டுக்கல்லில் மணிக்காரருக்குத் தெரியாமல் எந்தப் பொருளும் கெட்டுப்போனதில்லை. கெட்டுப்போக நினைத்தாலே மணி அடித்துவிடும். அடிக்கும்படி அவர் செய்து வைத்திருப்பார்.

அறுபதுகளில் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் மெக்கானிக். நான் லைன்மேன். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

அப்போது ஊருக்கு ஊர் பேசக் கம்பிதான். ரோட்டோரம் கம்பம் கம்பமாகப் போகும். செம்பட்டிப் பக்கம் ஒரு லைன், வடமதுரைப் பக்கம் ஒன்று, மதுரைக்கு ஒன்று. எங்காவது அறுந்தால் எங்களுக்குத் தெரியாது. யாராவது பேசக் கேட்டு, ஆபரேட்டர் கத்திப் பார்த்து, தொண்டை கட்டிய பிறகுதான் தெரியும். மணிக்காரருக்கு இது பொறுக்கவில்லை.

"கெட்டுப்போறது பெருசில்ல அப்பு. கெட்டது தெரியாம உக்காந்து டீ குடிக்கிறோம் பாரு, அதுதான் கேடு" என்பார். சொல்லிவிட்டு டீ குடிப்பார்.

ஒரு வழி செய்தார். எதிர் ஊரிலிருந்து கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கம்பி அறுந்தாலும் நின்றுபோகும், இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டாலும் நின்றுபோகும். நின்றால் ஒரு இரும்புத் துண்டு விழும். விழுந்தால் மணி அடிக்கும். அவ்வளவுதான். படித்தவர்கள் இதையே படம் போட்டு விளக்குவார்கள்.

எல்லாம் ஒரே மணியாக இருந்தால் எந்த லைன் என்று தெரியாது. அதனால் செம்பட்டிக்கு மாட்டு மணி. வடமதுரைக்கு சைக்கிள் மணி. மதுரைக்குப் பூசை மணி; மதுரைக்கு வேறு எதை வைப்பது என்று கேட்டார். ஃப்யூஸ் போனால் ஆட்டு மணி. பேட்டரி அறைக்கு, பூட்டிலிருந்து கழற்றிய மணி. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு எங்கள் ஊரில் உண்டு. மணிக்காரர் வந்துபோன பிறகெல்லாம் தன் கடையில் ஒரு பூட்டு ஊமையாகிவிடுகிறது என்று பூட்டுக்கடைக்காரர் சொன்னார்.

வீட்டையும் விடவில்லை. பால் பொங்கினால் மணி. தொட்டி நிறைந்தால் மணி. கொடியிலிருந்து வேட்டி பறந்தால் மணி. அவர் சம்சாரம் ஒரு நாள் என்னிடம் சொன்னது: "இந்த வீட்ல இன்னும் மணி கட்டாதது என் கழுத்துல மட்டுந்தான் தம்பி."

ஆடி வந்தது. காற்று வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று அம்மியை விடாது, கம்பியை விடுமா? கம்பியும் கம்பியும் உரசின. மாட்டு மணி அடித்தது. சைக்கிள் மணி அடித்தது. பூசை மணி நிற்கவே இல்லை. ரோட்டில் போன ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தீபாராதனை முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

மணி அடித்தால் ஓட வேண்டியவன் நான். தோளில் ஏணி, காலில் சைக்கிள், எதிரே காற்று. செம்பட்டி ரோட்டில் பாதி தூரம் போய்க் கம்பியைப் பார்ப்பேன். கம்பி என்னைப் பார்க்கும். ஒன்றும் இருக்காது. திரும்பி வந்தால் வடமதுரை அடிக்கும். ஒரு வாரத்தில் என் கால் சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

போர்டில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். நம்பர் கேட்பவர் குரலே காதில் விழவில்லை. அவர் ஒரு நீலத் துணியைக் கிழித்து மணிக்குள் திணித்தார். மணிக்காரர் உருவினார். அம்மா மறுபடி திணித்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனது.

ஒரு அரிசி மில்காரர் மேலே எழுதிப் போட்டுவிட்டார். மதுரை கேட்டால் பூசை கேட்கிறது என்று. மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பார். மணிகளால் உபயோகமில்லை என்று தெரிந்தால் மணிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியவர் மாற்றலாகி ராமநாதபுரம் பக்கம் போக வேண்டும்.

மணிக்காரர் அன்று டீ குடிக்கவில்லை.

"ராமநாதபுரத்துல என்னப்பு இருக்கும்?" என்று கேட்டார்.

"அங்கயும் கம்பி இருக்கும்ணே" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"மணி இருக்காதுல்ல."

அந்த நேரம் பார்த்து மாட்டு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன். அவருக்குக் கோபம் வந்தது.

"ஏலே, மணி அடிக்குது, நீ வெத்தல போடுற?"

"போட்டுட்டுப் போறேண்ணே."

"எம்புட்டு நாளா இந்தப் பழக்கம்?"

"ஆடி பொறந்ததுலருந்து. போட்டுத் துப்புறதுக்குள்ள முக்காவாசி மணி தானா நின்னுருது. அதுக்கு மேலயும் அடிச்சாத்தான் சைக்கிளை எடுப்பேன். அப்பப் போனா கம்பி நெசமாவே அறுந்து கெடக்கும்."

சொல்லி முடிக்கும்போது மணி நின்றுவிட்டது. எனக்கு பயமாக இருந்தது. இனி வேலை போகும் என்று நினைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார்.

சிரட்டையின் அடியில் ஊசித் துளை போட்டார். கீழே ஒரு தண்ணீர்ச் சட்டி. மின்சாரம் நின்றால் நூல் தளர்ந்து சிரட்டை தண்ணீரில் இறங்கும். துளை வழியே தண்ணீர் ஏறும். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால் நூல் சிரட்டையை மேலே இழுத்துவிடும், மணி அடிக்காது. வராவிட்டால் சிரட்டை மூழ்கி அடியில் உள்ள தகட்டைத் தொடும். அப்போது அடிக்கும். சிரட்டை மூழ்குவதும் என் வெற்றிலை முடிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக இரண்டு நாள் என்னை உட்காரவைத்து வெற்றிலை போடச் சொன்னார். துளையைப் பெரிதாக்கினார், மெழுகு வைத்துச் சிறிதாக்கினார். என் நாக்கு வெந்துபோனது. அரசாங்கத்துக்காக அவ்வளவு வெற்றிலை போட்டவன் நான் ஒருவன்தான்.

ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் சிரட்டை இல்லை. அது காத்திருக்கிற சங்கதி இல்லை என்றார். மூன்று லைனுக்கும் மூன்று சட்டி. சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டு, இது டெலிபோன் ஆபீஸா தண்ணீர்ப் பந்தலா என்று என்னிடம் கேட்டார். மணிக்காரரிடம்தான் பேச்சில்லையே.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம். காற்றும் வந்தது. சிரட்டைகள் இறங்கின, ஏறின. ஒரு மணியும் அடிக்கவில்லை. அடிக்கவே அடிக்காதோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். செம்பட்டி லைனைக் கழற்றச் சொன்னார்.

"எவ்வளவு நேரத்தில் அடிக்கும்?"

"ஒரு வெத்தல நேரம் சார்."

"அது எத்தனை நிமிஷம்?"

மணிக்காரர் என்னைக் காட்டினார். "அது இவன்ட்டதான் சார் இருக்கு."

அதிகாரி என்னைப் போடச் சொன்னார். அதிகாரி முன்னால் வெற்றிலை போடுவது லேசான காரியமில்லை. சுண்ணாம்பு கூடிவிட்டது. மணிக்காரர் கம்பியைக் கழற்றினார். சிரட்டை இறங்கியது. எல்லோரும் சிரட்டையைப் பார்த்தார்கள், என் வாயைப் பார்த்தார்கள், மறுபடி சிரட்டையைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம். சிரட்டை மூழ்கியது.

மணியின் நாக்கு ஆடியது. சத்தம் வரவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்தது. மாட்டு மணிக்குள் நீலத் துணி நுனி. காலையில் திணித்தது. மணிக்காரர் உருவ மறந்துவிட்டார். எனக்கோ வாய் நிறையச் சிவப்பு. எதிரே வெள்ளைச் சட்டை. வாயைத் திறந்தால் நானும் ராமநாதபுரம். சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தேன்.

அதிகாரி வந்திருக்கும்போது அந்த அம்மா போர்டை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. எழுந்தார். நேராக வந்து துணியை உருவினார். மாட்டு மணி, ஒரு மாதத்துக்கும் சேர்த்து அடித்தது.

"என்ன துணி அது?" என்றார் அதிகாரி.

"தூசி விழாம இருக்க நாந்தான் வச்சேன் சார். நல்ல மணி, கெட்டுப்போயிரக் கூடாதுன்னு."

நான் வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தேன். அதற்குள் அதிகாரி, மணிகள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். மதுரைக்குக் கொண்டுபோக ஒரு சிரட்டை கேட்டார். மணிக்காரர் அதைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். பிறகு சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கி வைத்தார். அப்போதும் பேசவில்லை.

அடுத்த வருசம் எனக்குக் காய்ச்சல். சொல்லி அனுப்ப ஆளில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் வீடு. படுத்துக் கிடந்தேன். வாசலில் மணிக்காரர் நின்றார். கையில் ரொட்டி. மூச்சு வாங்கியது.

"எப்படிண்ணே தெரியும்?"

"நீ சைக்கிள் நிறுத்துற எடத்துல அடியில ஒரு தகடு வச்சிருக்கேன். பத்து மணிக்குச் சக்கரம் மேல நிக்கலன்னா அடிக்கும்."

"எப்ப வச்சீங்க?"

"அது ஆச்சு ஒரு வருசம். இன்னைக்குத்தான் அடிச்சிச்சு. சரி, ஒரு வெத்தல நேரம் பாப்போம்னு பாத்தேன். நீ வரல. அதான் வந்தேன்."

ஆபீஸிலிருந்து என் வீட்டுக்கு வேகமாக நடந்தால் கால் மணி நேரம். தலைமாட்டில் டைம்பீஸ் இருந்தது. பத்தேகால்.

கடைசிவரை அவர் ஒரு வெற்றிலை நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் டைம்பீஸைப் பற்றிச் சொல்லவே இல்லை.