மருமகனுக்குக் கல்யாண வீடியோ அனுப்பிய விவரம்

சங்கரன்கோவில்,
19.9.2024

மிகுந்த அன்புக்குரிய மருமகன் ராஜேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் ஏசுவடியான் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தை ஞானபூரணமும், அவளுடைய இடது முழங்காலைத் தவிர, சுகமாக இருக்கிறோம். புனேயில் நீங்களும் எங்கள் மகள் ஜாய்சும் அவ்வாறே சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம்.

நீங்கள் ஜெர்மனிக்குப் போவதற்குக் கல்யாண வீடியோவையும் அத்தாட்சியாக விசா ஏஜெண்ட் கேட்பதாகவும், உங்களிடம் இருந்த பென்டிரைவ் பேண்ட் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டதாகவும், நம் வீட்டில் இருப்பதை “ஆன்லைன்ல தட்டி விடுங்க மாமா, ரெண்டு நிமிச வேலை” என்றும் போன மாதம் சொன்னீர்கள். அந்த இரண்டு நிமிடம் இன்றோடு இருபத்திரண்டு நாளாகிறது. முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் தாமதத்துக்கான காரணத்தை ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் வாட்ஸப்பில் ஏற்றிப் பார்த்தேன். கோப்பு பெரிது என்று வாங்க மறுத்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பாண்டிராஜிடம் போனேன். “இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு யோசிக்கிய? வீடியோ போடுத தளத்துல ஏத்திருவோம். மாப்பிள்ளை அங்கன இருந்து எடுத்துக்கிடுவாரு” என்று அவனே ஏற்றிக் கொடுத்தான். நான் வீடு வந்து காபி குடிப்பதற்குள் ஒரு மின்னஞ்சல். மணப்பெண் காரிலிருந்து இறங்கும் இடத்தில் வீடியோக்காரர் ஒட்டியிருக்கும் சினிமாப் பாட்டு வேறொரு கம்பெனியின் சொத்தாம், அனுமதியில்லாமல் வெளியிட்டது தவறாம். அந்தப் பாட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்கு அது பிடிக்கவும் செய்யாது, எங்கே கேட்டாலும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன் என்று நான்கு பக்கம் விளக்கம் எழுதி, ஞானபூரணத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும், நான் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன்” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீடியோவை நீக்கினோம். அதற்குள் நாற்பத்தேழு பேர் பார்த்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் சாப்பாடு என்ன என்று கேட்டிருந்தார்கள்.

பாண்டிராஜ் அசரவில்லை. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேராக அனுப்பும் ஒரு சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, “இதுல நடுவுல ஒருத்தனும் கிடையாது அண்ணாச்சி, கேக்க ஆளே இல்ல” என்றான். எந்த ஃபோல்டரைப் பகிர வேண்டும் என்று அது கேட்டது. வீடியோ இருந்த ‘முக்கியம்’ ஃபோல்டரைக் காட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற பின் கை சும்மா இருக்க மறுத்ததால், ஒன்பது வருடமாக எங்கள் தெருவைப் பற்றிப் பெயர் போடாத மனுக்கள் எழுதி உரிய அதிகாரிகளுக்கு அனுப்பி வருகிறேன். மொத்தம் இருநூற்றுப் பதினாறு. உங்கள் அத்தைக்கே அதுவரை தெரியாது. அவையும் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. மறுநாள் பார்த்தால் உலகம் முழுக்கப் பதினொரு பேர் அவற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரு நாட்டில் ஒருவர் எங்கள் தெருச் சாக்கடை மனுவை இரண்டு முறை வாங்கியிருக்கிறார். பயந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன். பெருவில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு அடுத்த வீட்டு முகம்மது மைதீன், என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், “இணையத்துல ஏத்தி லிங்க் மட்டும் அனுப்பும் வே. கௌரவமான வழி” என்றார். ஏற்றினேன். ‘குறிப்பிட்டவர்கள் மட்டும்’ என்றும் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்றும் இரண்டு இருந்தன. எவரும் என்றால் மருமகனும் அடக்கம்தானே என்று இரண்டாவதைத் தொட்டேன். உங்களுக்கு அனுப்புமுன் சோதித்துப் பார்ப்பது முறை என்பதால், எங்கள் தெரு நலச் சங்க வாட்ஸப் குழுவில் நூற்று முப்பத்தெட்டு பேருக்கும், “திறக்கிறதா என்று பார்த்துத் தெரிவிக்கவும்” என்ற குறிப்புடன் போட்டேன்.

திறந்தது. வீடியோவை மட்டும் ஏற்றுவதாக நினைத்து, மனுக்களோடு ‘முக்கியம்’ ஃபோல்டரையே ஏற்றி அதற்கு லிங்க் எடுத்திருக்கிறேன். நீக்குவதற்குள் அறுபத்தொரு பேர் இறக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் வாசலில் கூட்டம். அடிதான் விழப்போகிறது என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதலில் வந்த முத்துமாரி, “குப்ப கொட்டுதேன்னு எழுதுனது சரிதான். அதுக்காவ என் பேர முத்துமாலைன்னு போடுவியளோ? ஆபீசுல இருந்து வந்தவுக முத்துமாலைய கேட்டுட்டுப் போயிட்டாவ!” என்றாள். மூன்றாம் வீட்டுக் கோமதியம்மாள் அழுதே விட்டார். “இருவத்தாறு வருசமா இதே தெருவுலதான் கெடக்கேன். எல்லாரப் பத்தியும் எழுதிருக்கிய, என்னப் பத்தி ஒரு வரி இல்ல. நான் என்ன மனுசியா தெரியலியா ஒங்களுக்கு?” என்றார். அவர் வீட்டில் குற்றம் ஒன்றும் இல்லையே அம்மா என்றேன். “தேடுனா கெடைக்காதா?” என்று கேட்டார்.

எல்லோரும் போனபின் மைதீன் வந்தார். கையில் இரண்டு தாள். எல்லோரையும்விட இவருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் மருமகனே, ஏனென்றால் அவருடைய ஆடு எங்கள் கறிவேப்பிலையைத் தின்றதைப் பற்றி மனு போட்டதும் நான்தான், விசாரணை வந்தபோது அவருக்காக உட்கார்ந்து பதில் மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். இரண்டும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. அவர் இரண்டு தாளையும் என் முன்னால் வைத்தார்.

“ஆட்டப் பிடிச்சிக் கட்டும் வேன்னு எங்கிட்டயே சொல்லிருக்கலாம்லா?” என்றார்.

“மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல வே.”

“அது சரி. ஆனா வே, குத்தச்சாட்டுல ஒரு சத்தும் இல்ல. பதில் மனுவ வாசிச்சா எனக்கே அந்த ஆட்டு மேல மரியாத வருது” என்றவர் உட்கார்ந்து ஞானபூரணத்திடம் டீ கேட்டார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சங்கம் கூடி, இனி மனுக்களை நான் பெயர் போட்டே எழுத வேண்டும், கோமதியம்மாளைப் பற்றியும் வருடத்துக்கு ஒன்றாவது எழுத வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே இணையத்தை நம்பாமல், பென்டிரைவை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஜாய்சுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு, பெயரோடு,
ஏ. ஏசுவடியான்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் உங்கள் அத்தை ஆசையாக டிவியில் போட்டுப் பார்த்தாள். வீடியோவில் மாப்பிள்ளை நீங்கள் இல்லை. மணப்பெண்ணும் ஜாய்ஸ் இல்லை. புளியங்குடி வீடியோக்காரர் மூன்று வருடம் முன்பு பென்டிரைவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் இதுவரை முழுதாகப் போட்டுப் பார்த்ததில்லை, பந்தியில் நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேராக ஓட்டி, அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு நிறுத்திவிடுவோம். அந்தக் கல்யாணத்துக்கும் நான் போயிருந்திருக்கிறேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றுதான் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சர்ச் நம்முடையதுதான் என்பதால் எதற்கும் அனுப்புகிறேன். ஏஜெண்ட் கேட்டால் அப்போது மீசை வைத்திருந்தேன் என்று சொல்லிவிடுங்கள்.