வீட்டுக்குத் தண்ணி காட்டாதவன்

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ராய்ஸ் ஹார்வெல் அவர்களுக்கு,

வெண்டல் பர்கெட் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தற்சமயம் தங்களிடம் வந்து தங்கியிருக்கும் என் மனைவி ரோண்டாவும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். வீடு நலமில்லை.

அவள் கோபித்துக்கொண்டு வந்த காரணத்தை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் தரப்பை முறையாகச் சமர்ப்பிப்பது என் கடமை. மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் பாறைமேல் வீடு கட்டியிருக்கும் தங்களுக்கு, மிசிசிப்பியின் நடுவயிற்றில் கிடக்கும் இந்த யாசூ களிமண்ணின் குணம் விளங்காது. குளிர்கால மழையில் ஊதும்; கோடையில் சுருங்கும்; மேலிருக்கும் வீடும் கூடவே மூச்சுவிடும். ஜனவரியில் குளியலறைக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. முறைப்படி அளந்து இழைத்தேன். ஜூலையில் நிலை கோணி, அதே கதவு தாழ்ப்பாளுக்கு எட்டாமல் தானாகத் திறக்க ஆரம்பித்தது. கொக்கி போட்டேன், சில நாளில் கொக்கிக்கும் வளையத்துக்கும் உறவு முறிந்தது. வானமும் சதி செய்கிறது. வளைகுடாவிலிருந்து மேகம் வருகிறது, எங்கள் கூரைமேல் நின்று எட்டிப் பார்க்கிறது, அலபாமாவில் போய்க் கொட்டுகிறது. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, மண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை.

இவ்வூரார் அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: குழாயை இழுத்துவந்து அஸ்திவாரத்தைச் சுற்றி நனைப்பது. ஆனால் வறட்சி தீரும்வரை வெளிக்குழாயைத் திறக்கலாகாது என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. அதை வரைந்த செயலாளர் அடியேன். வரைந்தவனே மீறலாமா? மற்ற எல்லாரும் மீறுகிறார்கள். பக்கத்து வீட்டு மிஸ் ஓடெல் பட்டப்பகலில் குழாயும் கையுமாக நின்று, "என்ன செக்ரட்டரி சார், இன்னிக்கும் வீட்டுக்குத் தண்ணி காட்டலயா?" என்றார். விதியை நினைவூட்டினேன். "சரி, நீங்க அதுக்குத் தண்ணி காட்ட வேணாம். அதான் உங்களுக்கு நல்லாத் தண்ணி காட்டுதே" என்று சொல்லிவிட்டு, என் ரோஜாச் செடிக்கும் கொஞ்சம் ஊற்றினார்.

சென்ற ஞாயிறு போதகர் சொல்லாமல் வந்துவிட்டார். ரோண்டா குளியல் தொட்டியில் இருந்தாள். நான் அவர் கையில் ஐஸ் தேநீரைக் கொடுத்து, சுவர் விரிசலைக் காட்ட நடைவழியில் அழைத்துப் போனேன். யாரும் தொடாமலே கதவு நாடகத் திரைபோல மெதுவாக விலகியது. போதகர் பண்பாளர், தொப்பியைக் கழற்றி, "நல்லா இருக்கீங்களா, சிஸ்டர் ரோண்டா?" என்றார். அவளும் வாய்ப்பழக்கத்தில், "உட்காருங்க பாஸ்டர்" என்றுவிட்டாள்.

அன்று மாலையே பெட்டி கட்டினாள். "இங்க பாருங்க வெண்டல், தெருவுல எல்லா வீடும் தண்ணி குடிக்குது. நம்ம வீடு மட்டும் உங்க சட்டத்தக் குடிச்சிட்டு நிக்குது. சாத்துற கதவுன்னு ஒண்ணு இங்க வந்தா சொல்லியனுப்புங்க."

மைத்துனரே, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசை சரிந்திருப்பதால் தட்டுக்கு வெளியே விழும் பட்டாணி ஒவ்வொன்றும் அவள் பக்கம் உருண்டு போகிறது. எடுத்துத் தர ஆளில்லை. ஆகவே புதுக் கதவு வாங்கி, மயிரிழை இடைவெளியும் விடாமல் பொருத்திவிட்டேன். சாத்துகிறது. தாழ்ப்பாள் விழுகிறது. இதை அவளிடம் எடுத்துச் சொல்லி, என் பொருட்டு அல்லாவிடினும் கதவின் பொருட்டாவது அவளை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கள் பாறைக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
வெண்டல் பர்கெட்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் வளைகுடாவில் ஒரு புயல் கிளம்பி, வாரம் முழுதும் இங்கே கொட்டித் தீர்த்தது. தாங்கள் அறிந்தபடி, ரோண்டா தானாகவே புறப்பட்டு இன்று காலை வந்து சேர்ந்தாள். நேரே குளியலறைக்குள் போய்ப் புதுக் கதவை ஓங்கிச் சாத்தினாள். பிரமாதமாகச் சாத்திக்கொண்டது. மதியமாகியும் திறக்கவில்லை. ரம்பத்தை எடுத்துக்கொண்டு, "அறுக்கட்டுமா?" என்று கேட்டேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது: "கதவுல கை வெச்சீங்க, நான் மறுபடி அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன்."