தங்கை வீட்டில் தங்காதே

வைகாசி வந்தாலே பூவராகவனுக்குக் கிலி பிடிக்கும். காஞ்சிபுரத்துக் கருட சேவை பார்க்க வாலாஜாவிலிருந்து மச்சான் சபாபதி குடும்பத்தோடு வந்து இறங்குவார். பெருமாள் அன்றைக்கே கோயிலுக்குத் திரும்பிவிடுவார். மச்சான் திரும்பப் பத்து நாளாகும். அதுவரை வீட்டுக்காரருக்குப் படுக்கை சமையலறையில்.

இந்த வருஷம் முடிவு கட்டிவிட்டார். ஒரு தபால் கார்டை எடுத்து, பெயர் போடாமல் இடது கையால் எழுதினார்: 'பெருமாள் உத்தரவு. இந்தக் கருட சேவைக்குத் தங்கை வீட்டில் தங்கினால் தங்கையின் தாலிக்கு ஆபத்து. உடனே ஒன்பது பேருக்கு எழுதவும்.' மச்சானுக்குச் சாமியிடம் பயம் கம்மி, தங்கையிடம் பாசம் ஜாஸ்தி. அதனால்தான் தாலியைத் தொட்டார். தாலி போவதென்றால் போகிறவர் தாமே என்பது, கார்டைத் தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது.

சபாபதி பதறிப்போய் ஒன்பது பேருக்கு எழுதினார். அவர்கள் ஆளுக்கு ஒன்பது. ஆற்காடு, செய்யாறு, அரக்கோணம் என்று ஊரூராக அண்ணன்மார்கள் அரண்டுபோனார்கள். யாரும் காஞ்சிபுரம் வருவதாக இல்லை.

பூவராகவன் கணக்கெழுதும் பட்டுக்கடையின் முதலாளி குந்துநாதன் கொதித்தார். திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கடை நிறையச் சரக்கு வைத்திருந்தார். கைக்குக் கிடைத்த ஒரு கார்டைக் காட்டி, எழுதினவனைப் போலீசில் கொடுப்பேன் என்றவர், முதலில் எழுதினவனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பூவராகவனிடமே கொடுத்தார்.

அன்று மத்தியானம் பூவராகவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கமலாட்சி காரணம் கேட்டாள். எழுதியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார்.

"இதுக்கா இப்படிக் குந்திக்கினு இருக்கீங்க? பரிகாரம்னு ஒரு கார்டு போட்டா ஆச்சு. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

புதுக் கார்டு கிளம்பியது. அண்ணன் காஞ்சிபுரத்தில் பட்டெடுத்துத் தங்கைக்குக் கொடுத்தால் ஆபத்து விலகும் என்றது. முதல் கார்டை அண்ணன்மார்கள் மட்டும்தான் எழுதினார்கள். இதைத் தங்கைகளும் உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே வாரத்தில் கடையில் நிற்க இடமில்லை. குந்துநாதன் பழைய கார்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

பூவராகவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்கே போய், பட்டெடுக்க வந்த மச்சானின் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். கமலாட்சி புதுப் பட்டில் மினுமினுத்தாள்.

பத்து நாள் கழிந்தது. பெட்டி அசையவில்லை. மெதுவாக மனைவியைக் கேட்டார்.

"நாற்பத்தெட்டு நாள் தங்கணும்னு கார்டுலயே போட்டிருக்கேனே."

"அவ்வளவு நாளா? எதுக்கு?"

கமலாட்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க அவ்வளவு பெரிய ஆபத்தா எழுதிட்டீங்க. பத்து நாள் எப்படிப் பத்தும்?"