துணிக்கொடியில் தொங்கிய வௌவால்

துவூம்பா,
நவம்பர் 28

என் கண்ணான மகள் ரோஸ்லினுக்கு, அப்பா கிளெமென்ட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் ஒற்றைத் தேநீர்க் கோப்பையும் நலம். அங்கே ஆதர்டன் மேட்டில் நீயும், தலைகீழாகத் தொங்கும் உன் வளர்ப்புப் பிள்ளைகளும் நலந்தானே?

இந்த டிசம்பர்க் கோடை விடுமுறைக்கு நான் வருகிறேன். மூன்று கோடையாக நீ கூப்பிட்டாய். மூன்று கோடையாக, கம்பளி வரியின் வரலாறு பற்றிய என் புத்தகம் குறுக்கே நின்றது. போன வருஷம், "படிப்ப விட்டுட்டு வௌவாலோட கெடக்கேன்னு என்னை நெனச்சு உங்களுக்கு வெக்கம், அதான் வரமாட்டேங்கிறீங்க" என்று போனை வைத்தவள்தான், அப்புறம் பேசவே இல்லை. அதனால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டேன். வௌவால் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆகாது, அதையும் தீர்த்தாயிற்று. வெறிநோய்த் தடுப்பூசி போடாத ஆளை வௌவால் குட்டியைத் தொட விடமாட்டீர்களாமே, மூன்று ஊசியும் போட்டுக்கொண்டேன். முதல் ஊசிக்கே நர்ஸ், "பேராசிரியரே, கையத்தான் கேட்டேன், கண்ண எதுக்கு மூடிக்கிறீங்க?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் பெரிய கூத்து. சாயங்காலம் பார்க்கிறேன், கொல்லைத் துணிக்கொடியில் கன்னங்கரேலென்று ஒன்று சிக்கிக்கொண்டு படபடவென்று இறக்கை அடிக்கிறது. வௌவால் சிக்கினால் தொடாதே, மீட்புத் தொண்டரைக் கூப்பிடு என்பதுதானே உங்கள் விதி? கூப்பிட்டேன். நோலீன் என்றொரு அம்மாள் கூடை, துண்டு, தோல் கையுறையோடு ஓடி வந்தார். நான் ஜன்னலுக்கு இந்தப்புறம் நின்று தைரியம் சொன்னேன். கொடியடியிலிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார்:

"ஏங்க டாக்டரு, இதுக்கு வயசு முப்பது இருக்கும் போலிருக்கே! காலர்ல உங்க பேரு வேற தச்சிருக்கு."

பட்டமளிப்பு விழாவுக்காக நானே காயப்போட்டு மறந்த என் கறுப்பு அங்கி!

மானம் போனதுதான் போனது, வெளியே வந்து, என் மகளும் உங்களைப் போலத்தான் என்று உன் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் நெஞ்சில் துணி சுற்றி ஒரு நிஜக் குட்டி இருந்தது. நாய்க்குட்டி முகம். ரப்பர் காம்பைச் சப்பிக்கொண்டே என்னை முறைத்தது. "ரோஸ்லின் அப்பாவா நீங்க? அவ கையில பொழச்ச குட்டி எத்தனை தெரியுமா? நீங்க என்னடான்னா ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கிறீங்க!" என்றார். நீயும் குழந்தையில் அப்படித்தான், காம்பைப் பிடுங்கினால் வீட்டையே ரெண்டாக்கிடுவே. உன்னைப் பார்க்கணும்மா. அந்த நிமிஷமே பயமெல்லாம் பறந்துவிட்டது.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். உனக்கும் உன் தொங்கும் குடும்பத்துக்கும் ஆண்டவன் பழுத்த மாம்பழமாய் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: புத்தகம் என்று ஒன்று கிடையாது. மூன்று வருஷத்தில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. உன்னை நினைத்து எனக்கு என்றைக்கும் வெட்கம் இல்லையம்மா, வௌவாலை நினைத்துப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயமும் இன்னும் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நீ மட்டும் வா. நெஞ்சில் குட்டி இருந்தே ஆகவேண்டுமென்றால் இருக்கட்டும், நான் ஒரு பக்கமாகக் கட்டிக்கொள்கிறேன்.