விலாசம் இல்லாத தபால்காரர்

காலையில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது ஜீவராஜின் கையில் ஜீவராஜுக்கே ஒரு கடிதம் வந்தது. பழுப்பு உறை, மேலிடத்து முத்திரை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தபால் கொண்டுபோகிற மனிதருக்கு, உறையைப் பார்த்ததுமே என்ன கடிதமென்று தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது; ஜீவராஜ் குடியிருப்பதும் லயத்தில்தான். கடிதங்களைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். பெரிய கிளாக்கருக்கு மனம் வரும்போது அவை ஆட்களுக்குப் போகும். பக்கத்து லயத்து நிலக்ஷிக்கு ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் வந்தது. ஒன்பது நாள் ஆபீசில் கிடந்து, நேர்முகம் முடிந்த பிறகுதான் அவள் கைக்குப் போனது. ஆத்திரம் தாங்காமல் ஜீவராஜ் அதைப் பேஸ்புக்கில் எழுதிவிட்டார்.

மேலதிகாரி போனில் சத்தம் போட்டதும் பதிவை அழித்தார். கிளாக்கரிடம் விலைபோய்விட்டார் என்று லயமே பேசியது. பயத்தில்தான் அழித்தேன், எழுதினது உண்மை என்று மறுபடி எழுதினார். அந்த இரண்டாவது பதிவு முதலாவதைவிட வேகமாக ஹட்டன் வரை பரவியது.

பொய் எழுதி அரசாங்க வேலைக்கு அவமானம் தேடியதற்குப் பதினான்கு நாளுக்குள் விளக்கம் வர வேண்டும், வராவிட்டால் வேலை போகும், கடிதம் வருகிறது என்று போனில் முன்பே சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டது. மனைவி கிருஷாந்திக்குப் போன் போட்டார்.

"உங்க பேரு போட்டதுதானே, பிரிச்சுப் படிங்க."

"லயத்துக் கடிதத்த ஆபீசுலதான் குடுக்கணும். நான் எடுத்தா அது ரெண்டாவது குத்தம்."

சொன்னபடியே தன் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, தபால் புத்தகத்தில் திகதியோடு கிளாக்கரின் கையெழுத்தும் வாங்கினார். மறுநாள் போய்க் கேட்டார். அவசரமென்றால் எழுதித் தரச் சொன்னார் கிளாக்கர். எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பமும் அதே குவியலில் போய்ச் சேர்ந்தது.

பதினேழாம் நாள், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். மறுநாளே டவுனில் விசாரணை.

"பதினாலு நாள் தாண்டிருச்சு. பதிலே இல்ல," என்றார் விசாரணை அதிகாரி சிறில்.

"நேத்துத்தான் கெடச்சது சேர்."

"எந்தத் தபால்காரர் அது? அவர் மேலயும் நடவடிக்கை எடுக்குறேன்."

"நான்தான் சேர். வந்த அன்னைக்கே ஆபீசுல குடுத்துட்டேன்." புத்தகத்தை நீட்டினார்.

சிறில் திகதியை இரண்டு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார். பேனாவையும் அவரே நீட்டினார். ஜீவராஜின் கை பேனா வரைக்கும் போனது. நிலக்ஷி அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதது நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டார்.

"வேலை போனாலும் போகட்டும் சேர். நடந்ததத்தான் எழுதினேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பிரியந்தி நிமிர்ந்தாள்.

"சேர், இவரு எழுதினது பொய்னுதானே குத்தம்? அது பொய்யா உண்மையான்னு நாமளே ஒரு கடிதம் போட்டுப் பாத்தாச்சே."