பட்டனை அமுக்கிய முதல் கஸ்டமர்

கடையின் இணையப் பக்கத்தில் 'பேச அமுக்குங்கள்' என்று பச்சைப் பட்டன் வைத்து ஒரு மாதமாகிறது. ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஓர் அழைப்பாவது வராவிட்டால் பட்டனைத் தூக்கிவிடுவதாக, கடையில் பாதிப் பங்குக்காரரான தம்பி கறாராகச் சொல்லிவிட்டார். வாஷிங் மெஷின் மெக்கானிக்கான அண்ணனுக்கு இது மானப் பிரச்சினை. யோசனை அவருடையதாயிற்றே!

நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் கணகணத்தது. மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினார். பட்டன் வழியாக வரும் அழைப்பில் நம்பரும் தெரியாது, பேரும் தெரியாது. கஸ்டமர் என்பது போதாதா!

"சொல்லுங்க சார்!"

"மெஷின்ல தண்ணி வெளிய போகாம நிக்குது சார்." குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஓர் ஆண் குரல்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? லைன்லயே சரி பண்ணிடலாம். பிளக்கைப் பிடுங்கிட்டு, முன்பக்கம் அடியில வட்டமா ஒரு மூடி இருக்கும், அதைத் திருகிக் கழட்டுங்க."

சளசளவென்று சத்தம்.

"ஐயோ, ரூமெல்லாம் தண்ணி சார்!"

முதலில் ஒரு வாளியை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க, மூடியைத் திரும்ப மாட்டுங்க."

"அது மெஷினுக்கு அடியில உருண்டு போயிடுச்சே!"

"அப்போ மெஷினை லேசா சாய்ங்க."

டமார்!

"சார், பின்னாடி குழாய் பிச்சுக்கிச்சு! கூரை வரைக்கும் பீய்ச்சி அடிக்குது!"

"சுவத்துல இருக்கிற பைப்பை மூடுங்க!"

"மூடினேன். கைப்பிடி கையோட வந்துடுச்சு!"

தம்பி கைகட்டி நின்று சிரித்தார். இந்தக் கஸ்டமர் கடையின் இணையப் பக்கத்தில் என்ன எழுதித் தொலைப்பாரோ! மெக்கானிக் குழைந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க, தப்பு என் மேலதான். இன்னிக்கே புது மெஷின் வாங்கித் தரேன். எங்க இணையப் பக்கத்துல மட்டும் நாலு வார்த்தை நல்லதா எழுதிடுங்க."

மறுமுனையில் குசுகுசுவென்று பேச்சு. பிறகு, "எழுதியாச்சு சார்."

திரையில் ஐந்து நட்சத்திரம்! மெக்கானிக் தம்பியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். அட்ரஸ் சொல்லுங்க, இப்பவே வரேன்!"

"உங்க வீடுதான் சார். நான் பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடிவந்தவன். ஆறு மாசமா சொல்லியும் நீங்க மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்கலையாம், கஸ்டமர்னா உடனே கவனிப்பீங்கன்னு உங்க வீட்டம்மாதான் என்னைப் பேசச் சொன்னாங்க!"