தெப்பத்தில் அடித்த ஷாக்

நான் ஒரு சந்தேகப் பிராணி. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்து, அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மனைவி அணைத்திருந்தால் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். (இதை அவள் படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அந்த நம்பிக்கையிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.)

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாமனார் ஊர் குடவாசல் பக்கம். காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, மண்டபம் மாதிரி ஜோடித்ததுதான் அந்த ஊர்க் கோயில் தெப்பம். அதுவரை அதன் மூலையில் ஒரு ஜெனரேட்டர் உட்கார்ந்து உறுமும். சுவாமி புகையிலேயே மூன்று சுற்று வருவார். அந்த வருஷம் ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டு, பேட்டரி வைத்துப் புதிதாக வயரிங் செய்திருந்தார்கள். உற்சவத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சுவாமி இல்லாமல் குளத்தில் ஒரு சுற்று வெள்ளோட்டம். விழாக் கமிட்டியில் இருந்த மாமனார், "எங்க மாப்பிள்ளை எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அவர் பாத்து சரின்னு சொல்லட்டும்" என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் எலக்ட்ரிக்கல் படித்தது உண்மை. படித்து முடித்த கையோடு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்விட்டதும் உண்மை. எங்கள் வீட்டில் டியூப்லைட் ஸ்டார்ட்டர் மாற்றக்கூட ஆள் கூப்பிடுவோம். புது மாப்பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?

வயரிங் செய்தவர் அன்பழகன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருக்காரர். அந்தத் தெருவிலிருந்து கோயில் வேலைக்குக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் அவர்தானாம். "நல்லாத்தான் வேலை செய்வான். இருந்தாலும் நீங்க ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்றார் மாமனார். நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். அப்போது அது வெறும் ஜாக்கிரதை என்றுதான் நினைத்தேன். அந்தத் தெருக்காரர் என்பதால்தான் அவ்வளவு ஜாக்கிரதையோ என்று பிறகு யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

அவர் எது செய்தாலும் எனக்குச் சந்தேகமாகப் பட்டது. கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்தார். எதை மறைக்க இந்த டீ? என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு? "தண்ணி மேல வீட்டுக் கரண்டே வேணாம்னு இன்வெர்ட்டர் வைக்கல சார். எல்லாமே பன்னெண்டு வோல்ட்" என்றார். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? மாமனார் வீட்டு டிராயரிலிருந்து எடுத்து வந்த டெஸ்டரை வயர் இணைப்பில் வைத்துப் பார்த்தேன். தெப்பம் முழுக்க விளக்கு ஜொலிக்கிறது; டெஸ்டர் மட்டும் எரியவில்லை!

"பன்னெண்டு வோல்ட்டுக்கெல்லாம் டெஸ்டர் எரியாது சார்" என்றார் பொறுமையாக.

மாட்டிக்கொண்டவன் இப்படித்தான் பேசுவான் என்று எனக்குத் தோன்றியது. "நீங்க கரையிலயே இருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. படித்துறையில் போய் நின்றார்.

வெள்ளோட்டமானாலும் தெப்பத்தில் சட்டையோடு ஏறக்கூடாது. சட்டையைக் கழற்றினேன். வேட்டியில் ஏது பாக்கெட்? போனைச் சத்தமில்லாமல் அதிர மட்டும் வைத்து, டெஸ்டரோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நான், மாமனார், குருக்கள் மூவரும் ஏறினோம். கரையிலிருந்து வடம் இழுத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் வந்து குளம் தளும்பிக்கொண்டிருந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்து என் காலை நனைத்தது. கீழே தண்ணீர், மேலே வயர், கையில் மண்டபத்தின் இரும்புக் குழாய். எரியாத டெஸ்டரையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பாதிக் குளம் தாண்டியிருப்போம். இடுப்பில் 'டர்ர்ர்' என்று பிடித்து இழுத்தது.

"ஷாக்! ஷாக் அடிக்குது! குதிங்க!"

முதலில் குதித்தது இன்ஜினியர். அடுத்து மாமனார். குருக்கள் எப்போது குதித்தார் என்று தெரியவில்லை. நான் தலையைத் தூக்கியபோது எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சளவுத் தண்ணீர்தான். கரையில் வடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடிய ஒருவர் திரும்பி நின்று, "யோவ், தண்ணியிலயும் கரண்ட் பாயும்யா!" என்று கத்தினார். உடனே மூன்று பேரும் தெப்பத்தில் ஏறப் பாய்ந்தோம். தொட்டால் ஷாக் என்று நினைவு வந்து கையை எடுத்தோம். ஏறவும் பயம், நிற்கவும் பயம்.

ஊரே "இறங்காதே" என்று கூச்சல் போட, அன்பழகன் பேன்ட் சட்டையோடு குளத்தில் குதித்து நீந்தி வந்தார். தெப்பத்தில் ஏறி, சொட்டச் சொட்ட நனைந்த கைகளால் பேட்டரியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரையிலிருந்த கமிட்டித் தலைவருக்கு அதெல்லாம் எடுபடவில்லை. "இன்ஜினியரே சொல்லிட்டாரு. எல்லாத்தையும் கழட்டு. நாளைக்குப் பழைய ஜெனரேட்டர் வரட்டும். இனிமே இந்த ஆளு கோயில் வேலைப் பக்கம் வரக்கூடாது" என்றார்.

அன்பழகன் குனிந்து எனக்குக் கை கொடுத்துத் தூக்கினார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "எப்படி இருக்குன்னு கேக்க இப்பத்தான் சார் உங்களுக்குப் போன் அடிச்சேன். வைப்ரேஷன்ல வெச்சிருந்தீங்களா?" என்றார்.

இடுப்பைத் தடவினேன். போன் இல்லை, குளத்துச் சேற்றுக்குப் போயிருந்தது. சாட்சியும் அதோடு போய்விட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் என் மானம் பிழைக்கும், அவர் பிழைப்பு போகும். யோசிக்கவே வேண்டாம்தான். ஆனாலும் யோசித்தேன், ஒரு முழு நிமிஷம். (இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.) அவ்வளவு நேரமும் அந்த மனிதர் கரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஷாக் இல்லீங்க! என் இடுப்புல இருந்த போனு அதிர்ந்துச்சு. வயரிங்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேலதான்!" என்று கத்தினேன்.

முதலில் சிரித்தது யார் தெரியுமா? படித்துறையில் நின்ற என் மனைவி. பிறகு நான்கு கரையும் சிரித்தது. மாமனார் மட்டும் வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் புகையில்லாமல், உறுமல் இல்லாமல் சுவாமி மூன்று சுற்று வந்தார். தெப்பத்து நாதஸ்வரம் கரைவரை கேட்டது அதுதான் முதல் முறை என்றார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு மேஜையில் எந்த போன் அதிர்ந்தாலும், "குதிங்க!" என்கிறாள் மனைவி. தெப்ப வயரிங் இன்றுவரை அன்பழகன் அண்ணன் பொறுப்புதான். குளத்தில் நான் விட்ட டெஸ்டரையும் அவர்தான் தேடி எடுத்து வைத்திருக்கிறார். வருஷாவருஷம் தெப்பத்தில் ஏறுமுன் எல்லோரும் சட்டையை மட்டும்தான் கழற்றுகிறார்கள். நான் போனையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதை உள்ளங்கையில் வைத்து, மேலே டெஸ்டரை வைத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொல்வார்:

"கரண்ட் இல்ல சார், தைரியமா ஏறுங்க."